சித்திரைத் திருவிழாவும் கலைஞர் பிழைப்பும்

(மதுரைக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் சித்திரை மாதத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று என்னைக் கலையைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சித்திரை மாதத்தில், அதுவும் மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில், இந்தத் தலைப்பைக் கொடுத்திருப்பதன் கருத்து எனக்குப் புரியாமலில்லை. சுயமரியாதைக்காரர்கள் கலைக்கு விரோதிகள், இவர்கள் பேச்சு பலித்தால் மேளம் இராது, கூத்து இராது, ஊரே கேத வீடு மாதிரி ஆகிவிடும் என்று சிலர் இங்கே சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். அதற்குச் சமாதானம் சொல்லத்தான் வந்திருக்கின்றேன். ஆனால் சமாதானம் சொல்லிவிட்டுச் சும்மா போவதாக உத்தேசமில்லை. பதிலுக்குச் சில கேள்விகளும் கேட்கப் போகின்றேன்.

சித்திரை பிறந்தால் மதுரையில் என்னென்ன நடக்கின்றது என்பதை முதலில் பார்ப்போம். மாசி வீதிகள் நான்கிலும் நாயனமும் தவிலும் கேட்கின்றன. அழகர் வேஷம் போட்டுக்கொண்டு, தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டு, குடியானவர்கள் கூட்டங்கூட்டமாக ஆடி வருகின்றார்கள். எழுத்து வாசனை அதிகமில்லாதவர்கள்கூட அழகர் வர்ணிப்பைத் தொண்டை கட்டுகிறவரையில் பாடுகின்றார்கள். தமுக்கத்துப் பக்கம் போனால் பொருட்காட்சி. அங்கே மேடையில் ஆட்டமும் பாட்டும். ஊருக்கு வெளியே வந்தாலோ, பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் கிராமத்துக்குக் கிராமம் கரகாட்டம், ஒயிலாட்டம், தப்பாட்டம். இராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம். வெயில் மண்டையைப் பிளக்கின்ற இந்தக் காலத்தில்தான் நம் பக்கத்துக் கலைகளெல்லாம் தெருவுக்கு வருகின்றன.

சரி, இவற்றில் எதைச் சாமி செய்தது? நாயனத்தை ஊதியது சாமியா? அடிவயிற்றிலிருந்து மூச்சைப் பிடித்து ஊதினவன் ஒரு மனிதன். தவிலை அடித்து விரல் காய்த்துப் போனவன் ஒரு மனிதன். தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு ஆடினவள் ஒரு பெண். ஏன், அந்தச் சாமியையே வார்த்தும் செதுக்கியும் கொடுத்தது ஒரு ஸ்தபதி; அதற்கு நகை செய்தது ஒரு தட்டான்; குதிரை வாகனத்தைச் செய்தது ஒரு தச்சன். இவ்வளவு பேரும் செய்ததையெல்லாம் கூட்டிக் கடைசியில் சாமி கணக்கில் வரவு வைத்து, “ஆஹா, என்ன மகிமை!” என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகின்றோம். வேலை ஒருவனுடையது, பேர் இன்னொருவனுக்கு என்றால், வேறெந்தத் தொழிலிலாவது நாம் ஒப்புக்கொள்ளுவோமா?

சாமியின் மகிமையைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகின்றேன். மீனாட்சி கலியாணத்துக்குச் சித்திரையில்தான் முகூர்த்தம் என்று பக்தர்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். ஆனால் தேர் ஓடுவது எந்த வீதியில்? கோவிலை ஒட்டிச் சித்திரை வீதி இருக்கிறது. அதில் ஓடவில்லை, மாசி வீதியில் ஓடுகிறது! மாசியில் நடந்த கலியாணத்தையும் சித்திரையில் அழகர் வருகிற திருவிழாவையும் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் ஒன்றாகச் சேர்த்துவிட்டார் என்று சரித்திரம் எழுதினவர்கள் சொல்லுகின்றார்கள். ஒரு ராஜா தன் சௌகரியத்துக்காகச் சாமியின் கலியாண மாதத்தையே மாற்றலாம். நம் வீட்டுப் பெண்ணின் கலியாணத்தை ராகுகாலத்தில் வைத்தால் மாத்திரம் தாலி தங்காது என்கின்றார்கள்! அழகர் இறங்குகிற ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 1959ல் திறந்த வைகை அணையிலிருந்து, சர்க்கார் உத்தரவு போட்டு, பொதுப்பணி இலாகா மதகைத் திறந்தால் வருகிறது. அழகர் உடுத்திவருகிற பட்டின் நிறத்தைப் பார்த்து, பச்சைப் பட்டு, நாடு செழிக்கும் என்று கையெடுத்துக் கும்பிடுகின்றவர்கள், மதகைத் திறந்த சிப்பந்தியை ஒரு நாளாவது நினைத்ததுண்டா? 2022ல் அதே ஆற்றில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் செத்தார்கள். அந்த வருஷம் என்ன பட்டு உடுத்தியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று கேட்டால் நம்மை நாஸ்திகன் என்கின்றார்கள்.

இதெல்லாம் வழியில் சொன்னது. என்னுடைய முக்கியமான கேள்வி வேறு. “கோவிலும் திருவிழாவும் இல்லாவிட்டால் கலைஞன் சோற்றுக்கு என்ன செய்வான்? அவனைக் காப்பாற்றி வருவது பக்தியல்லவா?” என்று நம்மை மடக்குகின்றார்களே, அதை எடுத்துக்கொள்ளுவோம். இதற்கு நான் வாதம் செய்யவேண்டியதில்லை. 2020ஆம் வருஷம் பிரத்தியட்சமாகவே காட்டிவிட்டது.

அந்த வருஷம் கொரோனா வியாதியினால் ஊரடங்கு. சித்திரைத் திருவிழா ரத்து. ஆனால் மீனாட்சி கலியாணம் நின்றதா? நிற்கவில்லை. மே மாதம் 4ந் தேதி, கோவில் கதவைச் சாத்திக்கொண்டு, சில பட்டர்கள் மாத்திரம் கூடி மாங்கல்யத்தைச் சாத்தினார்கள். பக்தர்கள் வீட்டிலிருந்தபடியே கைப்போனிலும் டெலிவிஷனிலும் பார்த்தார்கள். அழகர் 2020லும் 2021லும் வைகைக்கு வரவில்லை. வேண்டிய சடங்கை மலையடியில் கோவிலுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். ஆக, சாமிக்கு ஒரு குறையும் வரவில்லை. சடங்குக்கும் ஒரு குறையும் வரவில்லை. அர்ச்சகருக்கு வேலையும் போகவில்லை. யாருக்குப் போயிற்று? கரகாட்டக்காரிக்குப் போயிற்று. தவில்காரருக்குப் போயிற்று. நாடகத்தில் ராஜபார்ட்டுக்கும், பபூனுக்கும், ஆர்மோனியக்காரருக்கும் போயிற்று. வருஷத்தில் இந்த மூன்று நான்கு மாதம் ஓடியாடிச் சேர்த்து மற்ற மாதங்களை ஒப்பேற்றுகின்றவர்கள் அவர்கள். இரண்டு சித்திரை தொடர்ந்து போனால் என்ன ஆகும்? ஆர்மோனியம் அடகுக்குப் போயிற்று. கால் சலங்கை பெட்டிக்குள் போயிற்று. ஆடினவர்கள் சித்தாள் வேலைக்கும், கிடைத்த கூலிக்கும் போனார்கள்.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். உண்டியலில் கோடி கோடியாக விழுகிற நாடு இது. கலைஞனைக் காப்பாற்றுவது பக்திதான் என்றால், அந்த இரண்டு வருஷமும் அந்தப் பக்தி எங்கே போயிருந்தது? பதிந்து வைத்திருந்தவர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியத்தின் மூலம் சர்க்கார் ஏதோ கொஞ்சம் கொடுத்தது. அந்த வாரியம் 2007ல் சர்க்கார் ஏற்படுத்தியது. எந்த ஆழ்வாரும் நாயன்மாரும் ஏற்படுத்தியதல்ல. பதியாதவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே திருவிழாவுக்குக் கலைஞன் வேண்டும்; கலைஞன் பட்டினி கிடந்தால் திருவிழாவுக்கு அக்கறையில்லை என்பதுதான் நாம் கண்ட உண்மை.

சாப்பாடு போகட்டும், மரியாதையாவது உண்டா? கோவில் திருவிழாவில் பரிவட்டம் கட்டுகின்றார்களே, யார் தலையில் கட்டுகின்றார்கள்? நாலு மணி நேரம் நின்றுகொண்டே ஊதினவன் தலையிலா? இல்லை. வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நின்ற பெரிய மனுஷன் தலையில் கட்டுகின்றார்கள். அந்தப் பரிவட்டத்துக்காக இரண்டு பெரிய மனுஷர்கள் கோர்ட்டு வரையில் போவார்கள். மேளக்காரர் யாரும் அதற்காகக் கோர்ட்டுக்குப் போனதாக நான் கேட்டதில்லை.

நம் இயக்கத்தில் வெகுநாளாகச் சொல்லிவரும் ஒரு சம்பவம் உண்டு. செட்டிநாட்டுக் கலியாண ஊர்வலம் ஒன்றில் ஒரு நாகஸ்வர வித்துவான் வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் அதைக் கண்டு, எங்கள் முன்னால் தோளில் துண்டா, எடு என்று உறுமினார்கள். பட்டுக்கோட்டை அழகிரி அங்கே இருந்தார். துண்டை எடுக்கவேண்டாம், அப்படியே வாசியுங்கள் என்று வித்துவானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஊர்வலம் அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் துண்டு தோளிலேயே இருந்தது. கலைக்கு விரோதிகள் என்று நம்மைச் சொல்லுகின்றார்களே, கலைஞனுடைய துண்டுக்காக ஊர்வலத்தை நிறுத்தினவர்கள் யார்? 1930 மே மாதம் ஈரோட்டில் நம் மகாநாடு கூடியபோது அதோடு சேர்த்துச் சங்கீத மகாநாடும் நடத்தினவர்கள் யார்? அந்தக் கோடையில் நாம் மேடை போட்டோம். 1946 மே மாதத்தில் இதே வைகை மணலில் கருஞ்சட்டை மாநாடு கூட்டியபோது, நம் பந்தலைக் கொளுத்தினார்கள். ஆற்று மணல் எல்லாருக்கும் பொது என்பது அழகருக்கு மாத்திரந்தான் போலிருக்கிறது!

நாடகத்துக்கு வருவோம். இந்த ஜில்லாவில் ஓர் இரவு வள்ளி திருமணம் பார்க்காதவர்கள் இங்கே யாருமிருக்கமாட்டீர்கள். ஓர் ஊரிலிருந்து வேலன், இன்னோர் ஊரிலிருந்து வள்ளி, வேறோர் ஊரிலிருந்து நாரதர், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திக்கின்றார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டுக்களோடு, தங்கள் புத்தியால் அங்கேயே தர்க்கம் செய்து விடியும்வரையில் ஜனங்களை உட்காரவைக்கின்றார்கள். சுவாமிகள் 1918ல் இதே மதுரையில் பாலர் சபை வைத்துப் பிள்ளைகளைப் பழக்கினவர், 1922ல் காலமானார். கதை புராணக் குப்பைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தர்க்கம் இருக்கின்றதே, கேள்விக்குக் கேள்வி, பதிலுக்குப் பதில், அது நம் காலேஜ் படித்தவர்களுக்கு வராது. குப்பையைத் தள்ளிவிட்டு அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எடுத்துக்கொள்ள நமக்கென்ன தடை?

இந்த நாடக மேடையில் விசுவநாத தாஸ் என்று ஒருவர் இருந்தார். 1886ல் பிறந்தவர், திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடிப் பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940ல் சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். அவர் மருத்துவர் ஜாதியில், அதாவது சவரத் தொழில் செய்கிற ஜாதியில், பிறந்தவர். முருகன் வேஷத்தில் அவர் வந்தால் ஜனங்கள் கும்பிடுவார்கள். வேஷத்தைக் கலைத்தால் ஜாதி வந்துவிடும். அவரோடு ஜோடியாக நடிக்கமாட்டோம் என்று சொன்ன நடிகைகளும் உண்டு. மதுரை ஜானகி அம்மாள் நடித்தார். அந்த அம்மாள் பின்னால் பொதுவுடைமைக் கட்சியில் உழைத்து, 1967ல் சட்டசபைக்கும் போனார். கும்பிடுகிற கையாலேயே ஒதுக்கவும் செய்கின்ற புத்தி உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வாதம் பாக்கி இருக்கிறது. பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947ல் சட்டம் போட்டு நிறுத்தியபோது, ஆடலும் பாடலும் அழிந்துவிடும் என்று ஒரு கூட்டம் அழுதது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் கேட்காத வசவில்லை. கலை அழிந்ததா? இன்றைக்குத் தெருவுக்கு ஒரு பரதநாட்டியப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால், அதுவரையில் தாசி ஆட்டம் என்று முகத்தைச் சுளித்தவர்கள் வீட்டுப் பெண்கள் அதே ஆட்டத்துக்கு வேறு பேர் வைத்து மேடை ஏறினார்கள். தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துவைத்த குடும்பங்கள் பல பின்னுக்குப் போய்விட்டன. சட்டம் சரியானது, அதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. கலையை எடுத்துக்கொண்டு கலைஞர்களைக் கைவிட்டது சட்டமல்ல. அதற்குப் பிறகு வந்த பெரிய மனுஷத்தனம்.

கடைசியாக, பறை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. பறை அடிக்கிறவருக்கு டில்லியில் பட்டம்! நமக்கெல்லாம் சந்தோஷந்தான். ஆனால் டில்லி எழுந்து நின்று கொடுத்ததை நம் ஊர் கொடுக்கிறதா? இன்னும் எத்தனை ஊரில், கேதம் விழுந்தால் ஒரு குறிப்பிட்ட தெருவுக்கு ஆள் அனுப்பி, “அடிக்க வாங்கடா” என்று கூப்பிடுகின்றார்கள்? வரமாட்டேன் என்றால் ஊர்க் கட்டுப்பாடு. மேடையில் அடித்தால் கலை, கேத வீட்டில் அடித்தால் ஜாதித் தொழிலா? இந்த இழிவுக்காகப் பறையையே உடைத்துப் போட்ட இளைஞர்கள் உண்டு. அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அதையே கையிலெடுத்து, இது என் வித்தை, கூலி பேசி, விருப்பமிருந்தால்தான் அடிப்பேன் என்கிற இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கும் என் வணக்கம். ஆனால் ஒன்று கேட்கின்றேன். பறை உயர்ந்த வாத்தியம் என்று மேடையில் பேசுகின்ற மேல்ஜாதித் தோழர்கள், தங்கள் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களா? தங்கள் தெருக் கேதத்தில் தங்கள் பிள்ளை அடித்தால் சம்மதிப்பார்களா? வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் வாத்தியார் வைக்கின்றீர்களே, இதற்கும் வைத்துப் பாருங்களேன்.

நான் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியமில்லை. இந்தச் சித்திரையில் உங்கள் ஊரில் யாரைக் கூப்பிட்டாலும், கூலியை முன்னாலேயே பேசி, பாதியை முன்பணமாகக் கையில் கொடுங்கள். ஆட வந்த பெண்கள் உடை மாற்ற மறைவான இடமும் படுக்க ஒரு வீடும் கொடுங்கள். மாட்டுக் கொட்டகையைக் காட்டாதீர்கள். சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்துகிறேன் என்று குடித்துவிட்டு மேடை ஏறுகிறவனை இறக்கிவிடுங்கள். நலவாரியத்தில் பதியாதவர்கள் இருந்தால், எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர்கள் மனு எழுதிக் கொடுத்துக் கூடவே போய்ப் பதிவு செய்து கொடுங்கள்.

இன்று சாயங்காலம் ஊர்வலத்தில் நமக்கு முன்னால் பறையடித்து வந்த நான்கு தோழர்கள் மேடைக்குக் கீழே மணலில் உட்கார்ந்திருக்கின்றார்கள். மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலி காலியாக இருக்கிறது. என்னுடையதையும் சேர்த்தால் நாலு. தோழர்களே, மேலே வாருங்கள்.