ஒரு சிற்றூர்ச் சபையின் கதை



பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதே பஞ்சத்தில், கப்பல் ஏறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட ஏழைகள் சிலரின் கதையை இன்று பார்ப்போம். அது தெலுங்கு நாட்டில் உருவான ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபையின் கதை.

விவரம் தெரிந்த வயதில் தாமே விரும்பி வருகிறவர்களை மட்டும் நீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பது பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களின் வழக்கம். அமெரிக்காவிலிருந்து அவர்களின் ஊழியர்கள் 1836 இல் தெலுங்கு நாட்டுக்கு வந்தார்கள். முப்பது ஆண்டு உழைத்தும் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே.

ஓங்கோல் நகரிலிருந்து ஏறத்தாழ நாற்பது மைல் தொலைவில் தாளகொண்டபாடு என்ற சிற்றூர். அங்கே தோல் வேலை செய்யும் மாதிகா குலத்தில் பிறந்தவர் யர்ரகுண்ட்ல பேரய்யா. 1866 இல் அவரும் அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பேரய்யா ஊர் ஊராக நடந்து தம் மக்களிடம் பேசினார்.

1867 ஜனவரி முதல் நாள் ஓங்கோலில் சபை தொடங்கியபோது உறுப்பினர் எட்டே பேர்! அதே மாதம் ஜான் கிளஃப் என்ற ஊழியர் பேரய்யாவின் ஊருக்குப் போனார். இருபத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஆனால், "இந்த மக்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம்" என்று ஓங்கோலில் மேல்சாதியார் சிலர் தடுத்தார்கள். கிளஃப் என்ன செய்தார்? முதலில் வந்தவர்களைக் கைவிடவில்லை.

பிறகு பஞ்சம் வந்தது. அப்போது அரசாங்கம் பக்கிங்காம் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தது. முன்பு நில அளவை வேலை பார்த்தவர் கிளஃப். கால்வாயில் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தை அவர் எடுத்தார். பசியோடு வந்தவர்கள் மண்வெட்டியும் கூடையுமாக மண் சுமந்தார்கள், கூலி பெற்றார்கள், உயிர் பிழைத்தார்கள்.

நேயர்களே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அந்தப் பஞ்ச காலத்தில் பலர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். ஓராண்டுக்கும் மேலாகக் கிளஃப் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சோற்றுக்காக யாரும் சமயம் மாறக்கூடாது என்பது அவர் எண்ணம். நிவாரண வேலை முடிந்த பிறகே கதவு திறந்தது. 1878 ஜூலை 3 ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில், ஆறு போதகர்கள் இருவர் இருவராக மாறி மாறி நின்று, ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

நாம் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். தோட்டத்து மாரியம்மன் கோயிலானாலும், மாதா கோயிலானாலும், சூராவ் ஆனாலும், அதைக் கட்டியவர்கள் கூலி வேலை செய்தவர்களே. பசித்தவனுக்குச் சோறு போடும்போது கைம்மாறாக அவன் மனத்தைக் கேட்கக்கூடாது. வேலைக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் தாளகொண்டபாட்டு மக்களின் கதை நமக்கு நினைவூட்டுகிறது.

நம் தோட்டத்துக் கோயிலின் முதல் கல்லை நட்டவர் யார்? இன்றிரவு வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம்.