மார்பில் தொங்கிய வில்லைகள்

மழைக்குப் பேர்போன எங்கள் இலங்கை மலையகத்து வட்டவளையில், தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டை மூடிக்கொண்டு கொட்டிய ஒரு மாலைப்பொழுதில், மாஸ்கோவில் கல்வி பயின்று மீண்ட நண்பர் ஒருவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்து, அதனுள் இருந்த வெள்ளி வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார். 1990களில், சோவியத் நாடு சிதறிய பிற்பாடு, அந்நகரத்து வீதியோரத்தில் பழம்பொருள் பரப்பி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தியிடம் அவர் அதை வாங்கினாராம். குருதி சிந்திப் பெற்ற ஒன்றை அடுப்பெரிவதற்காக விற்க நேர்ந்த அந்தக் குடும்பத்தை நினைந்து நான் சிறிது நேரம் பேச்சற்றிருந்தேன். பிறகு வில்லையை விளக்கருகே கொண்டுசென்று பார்க்கத் தொடங்கினேன். அன்று பார்த்ததும், அதன்பின் பல நாள் சிந்தித்ததுமே இன்றைய என் உரைக்கு விஷயம்.

அது சோவியத் சிப்பாய்க்கு வழங்கப்பட்ட வீரப் பதக்கம். 37 மில்லிமீற்றர் குறுக்களவு. கையில் வைத்தால் வெள்ளிக்குரிய கனம். மேலே மூன்று விமானங்கள் பறக்கின்றன. நடுவே செந்நிற எனாமலில் இரண்டு வரியாக இரண்டே சொற்கள். கீழே ஒரு கவச வண்டி. அதன் அடியில் நாட்டின் பெயரைக் குறிக்கும் நான்கு எழுத்துக்கள். 'ஸா அத்வாகு' என்னும் அந்தச் சொற்களுக்குத் 'துணிவுக்காக' என்பது பொருள். தொல்காப்பியர் பெருமிதத்துக்கு நிலைக்களனாகக் கூறியவற்றுள் ஒன்றாகிய 'தறுகண்' என்னும் சொல்லே இதற்கு நெருங்கிய தமிழ் என்பது என் துணிபு. இன்ன அரசருக்காக என்றோ, இன்ன கொள்கைக்காக என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை, துணிவுக்காக, அவ்வளவுதான். பின்புறத்தில் சித்திரம் ஏதும் கிடையாது. வெறுமையான பரப்பில் ஓர் எண் மாத்திரம் வெட்டப்பட்டிருக்கிறது.

இந்த எளிமையின் அருமை, ஏறக்குறைய அதே அளவினதாகிய வேறொரு பதக்கத்தை அருகே வைத்தால்தான் புலனாகும். முதலாம் உலக யுத்தத்தின் நடுவே, 1916ஆம் ஆண்டில், பிரித்தானிய அரசு தன் சாதாரணப் போர்வீரர்களுக்கென 'மிலிட்டரி மெடல்' என்ற ஒன்றை நிறுவிற்று. அதுவும் வெள்ளிதான், அதுவும் வட்டந்தான். ஆனால் அதன் முகப்பிலே மன்னரின் தலை வீற்றிருந்தது. வீரத்தைப் பற்றிய வாசகம் பின்புறத்துக்குப் போய்விட்டது. அதைப் பெற்றவன் மார்பில் அணிந்து நடக்கையில் எதிரே வருகிறவன் கண்ணிற்படுவது அரசர் முகமேயன்றி அவன் ஆற்றிய செயலின் பெயரன்று. அதிகாரிகளுக்கு வேறு பதக்கம், சிப்பாய்களுக்கு வேறு பதக்கம் என்ற அந்தப் பாகுபாடும் 1993 வரை நீடித்தது.

சோவியத் பதக்கம் நிறுவப்பட்டது 1938 அக்டோபர் 17ஆம் திகதி. கிழக்கெல்லையிலுள்ள காசான் ஏரிக்கரையில் அவ்வாண்டு யப்பானியரை எதிர்த்து நின்ற எல்லைக் காவலர்கள் அதை முதலிற் பெற்றவர்களைச் சேர்ந்தவர்கள். ஹிட்லரின் படையெடுப்புக்குப் பின்னரே அது பல்கிப் பெருகிற்று. 1942 நவம்பரில் ரெஜிமெண்டுத் தளபதிகளே பதக்கம் வழங்கலாம் என்று அதிகாரம் அளிக்கப்பட்டது. தலைநகரின் ஆணைக்குக் காத்திராமல், செயல் நிகழ்ந்த காட்டிலோ பதுங்குகுழியருகிலோ, கையிற் கட்டுப் போட்டிருக்கும்போதே அதைப் பெறும் வாய்ப்பு சிப்பாய்க்குக் கிட்டிற்று. அந்த யுத்தத்தில் மாத்திரம் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதைப் பெற்றனர். இவ்வளவு மலிவாக வழங்கினால் மதிப்புக் குறையாதா என்று வினவுவோர் உண்டு. ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் உயிர்களைப் பறிகொடுத்த ஒரு நாட்டில், துணிந்தவர்களின் தொகை 40 இலட்சம் என்பது எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

ஆயினும் கலை நோக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. மனிதனின் துணிவைப் போற்றும் அந்த வில்லையில் மனிதனைக் காணோம், யந்திரங்களே இருக்கின்றன. அதிற் பொறிக்கப்பட்ட கவச வண்டி, ஐந்து சுழற்கோபுரங்களோடு அணிவகுப்பில் பார்த்தவர் வியக்கும்படி செய்யப்பட்ட 'ரி-35'. மொத்தமாக ஏறத்தாழ 60 வண்டிகளே செய்யப்பட்டன. 1941ஆம் ஆண்டுப் படையெடுப்பின் முதற்சில மாதங்களுக்குள் அவற்றிற் பெரும்பாலானவை, பகைவன் சுடுவதற்கு முன்பே பழுதுற்று வழியிலே கைவிடப்பட்டன. வண்டி போயிற்று, வண்டியை விட்டிறங்கி நடந்த மனிதன் பெர்லின் வரை போனான். அவன் உருவத்தைக் காண வேண்டுமானால், 1930இல் நிறுவப்பட்ட செந்நட்சத்திர விருதை நோக்க வேண்டும். ஐந்து முனைகளும் மாணிக்கச் சிவப்பாகிய அந்தத் தாரகையின் நடுவே, நீண்ட மேலங்கியும் கையில் துப்பாக்கியுமாக ஒரு படைவீரன் நிற்கிறான். அவன் தளபதியல்லன், பெயரும் அவனுக்கு இல்லை. பதக்கக் கலையில் இது ஓர் உயர்ந்த சித்தி என்று தயங்காமல் சொல்வேன்.

அந்தச் செந்நட்சத்திரம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவரின் மார்பையும் அலங்கரித்தது என்று சொன்னால் நேயர்களிற் பலர் வியப்படையக்கூடும். 1944 மே 23ஆம் திகதி, சோவியத் உச்சமன்றத் தலைமைக்குழுவின் சார்பில் அதன் தலைவர் கலீனினும் செயலாளர் கோர்க்கினும் கையொப்பமிட்ட ஆணை, அரச இந்திய இராணுவ சேவைப் படையைச் சேர்ந்த இருவருக்கு அவ்விருதை வழங்கிற்று. ஒருவர் இமயச் சாரலின் பித்தோரகட்டிலிருந்து வந்த ஹவில்தார் கஜேந்திர சிங். மற்றவர் சுபேதார் நாராயண ராவ் நிக்கம். பெயர் மராட்டிய மரபை நினைவூட்டினும், பிறந்த மண் தமிழ்நாடு.

இவர்கள் பணியாற்றிய படை கோட்டையைத் தாக்கிக் கொடி நாட்டும் படையன்று. அரிசியும் மாவும் பெற்றோலும் தோட்டாவும் சுமந்து செல்லும் படை. 1941 ஆகஸ்டில் பிரித்தானியப் படைகளும் சோவியத் படைகளும் ஈரானுள் புகுந்து ஒரு பாதையைத் திறந்தன. வளைகுடாத் துறைமுகங்களில் கப்பல்கள் இறக்கிய சரக்கு, 1938இல் நிறைவெய்திய ஈரானியப் புகையிரதப் பாதை வழியாகவும், லொறித் தொடர்கள் வழியாகவும், வடக்கே சோவியத் எல்லையைச் சென்றடைந்தது. நேசநாடுகள் சோவியத் நாட்டுக்கு அனுப்பிய உதவியில் ஏறக்குறைய காற்பங்கு, 40 இலட்சம் தொன்னுக்கு மேல், இந்த வழியே போயிற்று. கோடையில் வண்டியின் இரும்பைத் தொட்டால் கை வேகும் பாலை. மாரியில் பனி மூடும் கணவாய். பஸ்ராவை அடுத்துப் பணியாற்றிய கஜேந்திர சிங், 1943இல் இரவுப் பயணமொன்றில் கடுங்காயமுற்றபோது, ஊருக்கு அனுப்பிவிடுகிறோம் என்று வைத்தியர்கள் கூறியும் இணங்காமல், தேறியதும் மீண்டும் தம் படைக்கே திரும்பினார். சுமை ஏற்றிச் செல்வதும் தறுகண்தான் என்பதை, துப்பாக்கி ஏந்திய சிப்பாயின் உருவம் பொறித்த அந்த விருதை வழங்கியே சோவியத் அரசு ஒப்புக்கொண்டது.

வட்டவளை வழியாக அட்டன் நோக்கி மூடுபனியில் வண்டி ஏற்றிப் பழகியவர்களுக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. முன்னே பத்தடி தெரியாது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பின்னே தேயிலைப் பெட்டிகளின் பாரம். அந்தச் சாரதிக்கு ஒருவரும் விருது கொடுப்பதில்லை. அவரும் அதை எதிர்பார்த்து வளைவுப் பாதையில் வண்டியைத் திருப்புவதில்லை.

நம் முன்னோர் வீரனுக்குக் கல் நட்டார்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தால், இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், இன்ன ஊர்த் தொறுவாகிய ஆநிரையை மீட்டு, இன்னான் பட்டான் என்ற செய்தி கல்லிலேயே இருக்கும். அவ்வட்டாரத்து எடுத்தனூரில், கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் இடம் உண்டு. நாயின் பெயரையும் மறவாத நன்றி அது. சோவியத் பதக்கத்தின் பின்னே இருப்பதோ ஓர் எண். ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏட்டைப் புரட்டினால், ஒரு மனிதனின் பெயரையும், அவன் எந்த ஆற்றங்கரையில் என்ன செய்தான் என்பதையும் சென்றடையலாம்.

எண் வெட்டிய உலோக வில்லை ஒன்று எங்கள் முன்னோர் மார்பிலும் தொங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்களுக்குத் தகர வில்லை ஒன்று கொடுத்தார்கள். கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிய வேண்டும். அதில் பெயர் இல்லை. தோட்டத்தைக் காட்டும் எண் இருந்தது. இவர் எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர், இவர் பயணச் செலவு எந்தத் தோட்டத்துக் கணக்கில் ஏற வேண்டும் என்பதை அதிகாரிகள் அதைக்கொண்டே அறிந்தார்கள். தோட்டத்துக்கு வந்த பின்பு எங்கள் மக்களின் வாயில் 'பேர்' என்ற சொல்லே ஒருநாட் கூலியைக் குறிக்கத் தொடங்கியது. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழுந்தது. பெயரைப் பாதியாக வெட்டும் கணக்கு வேறெந்த நாட்டில் உண்டென்று நான் அறியேன். இரண்டாம் உலக யுத்த காலத்திலோ, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் சயாம் மரணப் புகையிரதப் பாதையில் தண்டவாளம் சுமந்து மடிந்தார்கள். அவர்களுக்கு அன்று கல்லும் இல்லை, வில்லையும் இல்லை.

என் பாட்டியின் தகரப் பெட்டியில், வெற்றிலைப் பாக்குச் சுருக்குப்பைக்கும் பழைய காதோலைக்கும் இடையே, அத்தகைய வில்லை ஒன்று கிடந்ததை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். ஓரம் துருவேறி, கயிறு கோத்த துவாரம் கிழிந்து, நகத்தினால் வளைக்கத்தக்க அளவு மெல்லியதாய் இருந்தது. பண்டிகைக்கு வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கிய ஒரு நாளில், அதையும் பளபளப்பாக்கும் ஆசையினால் நான் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். துருவோடு எண்ணும் போய்விட்டது. பாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

நண்பரின் வெள்ளிப் பதக்கத்திலோ எண் இன்னும் கூர்மையாக இருக்கிறது. தோட்ட லயத்து வீடுகளிற் பழைய பெட்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அத்தகைய தகர வில்லை கிடைத்தால், தயவுசெய்து துலக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். அதை அணிந்து வந்தவரின் பெயரையும் ஊரையும், வீட்டில் நினைவுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.