ஹாலுக்கு ஐவரியா, இளநீலமா?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பொங்கல் நெருங்குகிறது. லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் கையில் ஷேட் கார்டு! ஐவரி, க்ரீம், பீச் எல்லாம் வெதுவெதுப்பான நிறங்கள். இளநீலம், கடல்பச்சை குளிர்ச்சியானவை. எது நல்லது என்று கேட்கிறீர்கள். உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நம் அம்பத்தூரில் மேற்கு பார்த்த ஹாலுக்குள் மதியம் 3 மணிக்கு மேல் வெயில் நேராக விழும். அங்கே க்ரீம் அடித்தால் மாலையில் சுவர் ஆரஞ்சாகத் தெரியும். இளநீலம் அதைத் தணிக்கும். பக்கத்து பிளாக் மறைக்கும் அறைக்கும், வடக்கு ஜன்னல் அறைக்கும் பெரும்பாலும் வானத்தின் நீல வெளிச்சம்தான் வரும். அங்கே ஐவரிதான் சரி. ஆனால் உட்சுவர் நீலமாக இருப்பதால் அறையின் வெப்பம் குறைந்துவிடாது. குளிர்ச்சி கண்ணுக்கு மட்டும்தான். வெப்பம் குறைய மொட்டைமாடிக்கு வெள்ளை அடிக்க வேண்டும். அந்தச் செலவைப் பொருளாளரிடம் பேசுங்கள்.

பல்பையும் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யில் ஐவரி வெளுத்துப்போகும்; 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் இளநீலம் அழுக்காகத் தெரியும்.

இன்னொன்று, என் வீட்டுக் கதை. அம்மாவுக்கு வயது 76. அவர் அறைக்கு ஆசையாக இளநீலம் அடித்தேன். "ஏண்டா சிமெண்ட் கலர் அடிச்சிருக்க?" என்றார். சிரித்துவிட்டேன். ஒருநாள் இரவு பாத்ரூம் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். சுவரும் வெளிர், நிலையும் வெளிர். இரண்டும் பிரிந்து தெரியவில்லை. பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். கண்புரை. கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துவிட்டால் நீலம் மங்கிச் சாம்பலாகத் தெரியுமாம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "அட, இது நீலமாடா!" என்றார். சுவரை மாற்றவில்லை. கதவு நிலைக்கு மட்டும் அடர் காப்பி நிறம் அடித்தேன். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை முதலில் செய்யுங்கள்.

ஷேட் கார்டை நம்பி 20 லிட்டர் வாங்காதீர்கள். சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, எதிரெதிர் சுவர்களில் 2 அடிக்கு 2 அடி, இரண்டு கோட் அடியுங்கள். காலை, மாலை 4 மணி, இரவு விளக்கில் என மூன்று முறை பாருங்கள். மழையில் ஓதம் ஏறிய சுவர் நன்றாகக் காயட்டும். காயாமல் பட்டி பார்த்தால் எந்த நிறமும் உரிந்துவிடும்.

என்னிடம் அரை லிட்டர் இளநீலம் மிச்சமிருக்கிறது. சாம்பிளுக்கு வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். பிரஷ் மட்டும் உங்களுடையது.