கொன்றை வளர்ப்பதும் தொண்டே

 

இறைவனுக்கு உகந்த மலர்கள் பலவாயினும் அவன் தனக்கு அடையாள மாலையாகக் கொண்டருளியது கொன்றை. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தைப் பாடிய பெருந்தேவனார், பெருமானது திருமுடியிலும் திருமார்பிலும் கொன்றையையே காட்டுகின்றார். திருப்புத்தூர், அச்சிறுபாக்கம் முதலிய தலங்களில் கொன்றையே தலமரமாக விளங்குகின்றது. ஆயினும் இன்று நம் திருக்கோயில்கள் எத்தனையில் கொன்றை நிற்கின்றது?

நமது ஊர்த் திருக்கோயிலிலும் ஒரு கொன்றை நின்றது. சிறுவயதில் நாம் அருச்சனைக்குப் பூக்கொய்த மரம் அது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் வேரொடு சாய்ந்தது. அதன் காய்கள் சிலவற்றை எடுத்து வைத்து, மறு ஆண்டு விதைகளை மண்ணில் இட்டு, நாள்தோறும் நீர் வார்த்தோம். ஒன்றேனும் முளைக்கவில்லை. நந்தவனத் தொண்டு செய்யும் முதியவர் ஒருவர் அதனைக் கண்டு, "ஐயா, ஓடு இளகாமல் உயிர் எப்படி வெளியே வரும்?" என்றார்.

கொன்றை விதையின் தோல் மிகக் கடினமானது. கொதிக்க வைத்து இறக்கிய நீரில் விதைகளை இட்டு, ஓரிரவு ஊறவிட்டு விதைக்க வேண்டும்; அன்றிச் சொரசொரப்பான கல்லில் ஒரு பக்கத்தை மெல்லத் தேய்த்தும் இடலாம். அவர் சொன்னபடியே செய்தோம், முளைத்தன.

அன்பர்களே, ஆணவ மலம் உயிரை மறைப்பதும் இத்தகையதே. அறிவு உள்ளே இல்லாமல் இல்லை. மறைப்பின் வன்மையால் அது விளங்கவில்லை. மலபரிபாகம் நேருங்கால் திருவருள் பதிகின்றது. சுடுநீர் போன்ற துன்பமும் அதற்கொரு துணையே.

பின்னும் ஒரு பிழை செய்தோம். அபிடேக நீர் வழியும் கோமுகியின் அருகே ஒரு கன்றை நட்டோம். திருமஞ்சன நீர் நாளும் கிடைக்குமே என்பது நம் எண்ணம். மழைக்காலம் முடிவதற்குள் வேர் அழுகிப் பட்டுப்போயிற்று. கொன்றை வறட்சியைத் தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது. அன்பு மட்டும் போதாது. இயல்பறிந்து செய்வதே தொண்டு என்று அன்று கற்றோம்.

எஞ்சிய கன்றை மேட்டு நிலத்தில், நல்ல வெயில் படும் இடத்தில், மழை தொடங்கும் பருவத்தில் நட்டோம். முதல் இரண்டு கோடைகளில் மட்டும் நீர் வார்த்தோம். ஆடுமாடுகள் இதனை அவ்வளவாக விரும்பி மேய்வதில்லை. வேரூன்றிய பின் அதற்கு நம் உதவி வேண்டுவதில்லை. கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு, வெயில் ஏற ஏறப் பொன்னாகப் பூப்பது அதன் இயல்பு. பற்றுகளை உதிர்த்த அடியவர் துன்பத்திடையே மலர்வது போன்றது அது.

இங்கு ஓர் எச்சரிக்கை. மஞ்சள் கொன்றை என்ற பெயரில் அமெரிக்கக் கண்டத்து மரம் ஒன்று இங்கு வந்துள்ளது. முதுமலைக் காடுகளில் அது பரவி, அங்குள்ள மரஞ்செடிகளை நெருக்கியதனால் அதனை அகற்றி வருகின்றார்கள். நமது சரக்கொன்றையின் பூஞ்சரம் கீழ்நோக்கித் தொங்கும். அதன் கொத்தோ மேல்நோக்கி நிற்கும். பெயர் கேட்டு நடாமல், பூவும் காயும் பார்த்துத் தாய்மரம் அறிந்து விதை எடுங்கள்.

சரியை நெறியில் நந்தவனம் அமைத்தலும் மாலை தொடுத்தலும் சிறந்த பணிகள். திருப்புகலூர் முருக நாயனார் மலர்த்தொண்டினாலேயே நாயன்மார் வரிசையில் நின்றார். கடையில் வாங்கிய மாலை ஒருநாள் வாடும். நட்ட மரம் ஆண்டுதோறும் அருச்சிக்கும்.

நாம் நட்ட கொன்றை ஆளுயரத்தைக் கடந்துவிட்டது, இன்னும் பூக்கவில்லை. அதன் முதற் சரத்தைப் பெருமானுக்குச் சாத்தும் பேறு நமக்கோ, நமக்குப் பின் வருவார்க்கோ, அவன் திருவுள்ளம். யார் கையால் சாத்தினும் ஏற்பவன் ஒருவனே அன்றோ? ஆதலின் இவ்விழா நிறைவதற்குள் அன்பர் ஒவ்வொருவரும் ஒரு கொன்றை விதையேனும் கொண்டு செல்க.

திருச்சிற்றம்பலம்.