கூட்டின் ஈரமும் சேவலின் கொண்டையும்



எங்கள் வீட்டுச் சேவலின் கொண்டையில் முன்பு ஐந்து முனைகள் இருந்தன. இப்போது இரண்டுதான் இருக்கின்றன. ஒன்ராறியோவில் நாங்கள் கோழி வளர்க்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் மற்ற மூன்றும் கறுத்து உதிர்ந்துவிட்டன. குளிர்தான் அதைச் செய்தது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது நான் கூட்டை அடைத்த விதத்தால் வந்தது. இன்று உங்களோடு பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஊரில் அம்மா கருக்கலில் கோழிக்கூட்டுக் கதவைச் சாத்துவது மரநாய்க்கும் கீரிக்கும் பயந்து. காற்றுக்குப் பயந்து யாரும் கூட்டை மூடியதில்லை. மா மரக் கிளையில் ஏறித் தூங்குகிற கோழிகளும் உண்டு. கனடாவுக்கு வந்து பலகையில் கூடு செய்தபோது எனக்கிருந்த ஒரே பயம் குளிர். நவம்பரிலேயே இடுக்குகளை எல்லாம் பஞ்சாலும் பிளாஸ்டிக் தாளாலும் அடைத்தேன். கூரைக்குக் கீழே இருந்த இரண்டு காற்றுத் துவாரங்களையும் விடவில்லை. உள்ளே கையை நீட்டினால் இளஞ்சூடாக இருந்தது. பிள்ளையைப் போர்த்திவிட்ட நிம்மதியோடு போய்ப் படுத்தேன்.

ஜனவரியில் ஓர் இரவு மைனஸ் 20 பாகைக்கு இறங்கியது. விடியக் கதவைத் திறந்தால், ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் முழுவதும் பனி படர்ந்திருந்தது. சேவலின் கொண்டை நுனிகள் மெழுகுபோல் வெளிறிக் கிடந்தன. அடுத்தடுத்த நாட்களில் அவை வீங்கின. பிறகு கறுத்தன.

பக்கத்துக் காணியில் பல வருடங்களாகக் கோழி வளர்க்கும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தவர் சேவலைப் பார்க்கும் முன்னர் அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கோழியிடமிருந்துதான் வருகிறது, நேயர்களே. ஒவ்வொரு மூச்சிலும் நீராவி வெளியேறுகிறது. எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். போதாததற்கு உள்ளே ஒரு தண்ணீர்ச் சட்டியும் வைத்திருப்போம். பத்துக் கோழிகள் இரவு முழுவதும் மூடிய பெட்டிக்குள் மூச்சுவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? கண்ணாடியில் படிகிறது, கூரைப் பலகையில் படிகிறது, கொண்டையிலும் படிகிறது. ஈரமான தோல், உலர்ந்த தோலைவிட வெகு வேகமாகச் சூட்டை இழக்கும். நனைந்த கையோடு பனியில் நின்று பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கொண்டையின் வேலையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சேவல் வளர்ப்பவர்கள் அதைப் ‘பூ’ என்பார்கள். அலகுக்குக் கீழே இரண்டு பக்கமும் தொங்குகிற சிவந்த சதை தாடி. இந்த இரண்டும் வெறும் அழகுக்கு வந்தவை அல்ல. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமோ ஏறக்குறைய 41 பாகை. வெயில் காலத்தில் சூடான இரத்தம் கொண்டைக்கும் தாடிக்கும் ஓடி, அங்கே வெப்பத்தை வெளியே விட்டுத் திரும்புகிறது. சிறகு மூடாத இடமாக அவை இருப்பது அதற்கு உதவுகிறது. வெப்ப நாட்டுக் கோழிக்கு அது பெரிய வரம். கடுங்குளிரில் நிலைமை தலைகீழாகிறது. உடல், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வேண்டிய சூட்டைக் காக்க, ஓரங்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. இரத்தம் குறைந்த நுனி முதலில் உறைகிறது. இதைத்தான் பனிக்கடி என்கிறோம்.

பேடு தூங்கும்போது தலையைச் சிறகுக்குள் செருகிக்கொள்ளும். அதன் கொண்டையும் சிறியது. பனிக்கடி பெரும்பாலும் பெரிய கொண்டை உள்ள சேவலையே பிடிக்கிறது. லெகார்ன், மினோர்கா போல நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை உள்ள இனங்களுக்கு ஆபத்து அதிகம். பட்டாணிக் கொண்டை உள்ள பிரம்மாவுக்கும், தலையோடு ஒட்டிய ரோஜாக் கொண்டை உள்ள வியண்டாட்டுக்கும் குறைவு.

கனடாவின் குளிருக்கென்றே உருவாக்கிய கோழியினம் ஒன்றும் உண்டு. கியூபெக் மாகாணத்தில், மொன்றியலுக்கு அருகே, ஓகா என்ற ஊரில் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. அங்கே கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட அருட்சகோதரர் வில்ஃப்ரிட் ஷாத்லேன், கனடாவில் வளரும் கோழிகள் எல்லாம் வேறு நாட்டுக்காக உருவானவை என்பதைக் கவனித்தார். இந்தக் குளிரைத் தாங்கி, குளிர்காலத்திலும் முட்டையிடும் கோழி ஒன்று வேண்டும் என்று நினைத்தார். 1908இல் வேலையைத் தொடங்கினார். கார்னிஷ், லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், வியண்டாட், பிளிமத் ராக் என்ற ஐந்து இனங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்தார், கழித்தார், மறுபடி கலந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1918இல், ஷான்தெக்லேர் என்ற வெள்ளைக் கோழியை மக்கள் முன் வைத்தார். 1921இல் அமெரிக்கக் கோழியினச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அதன் தலையில் இருப்பது மெத்தைபோல் அமர்ந்த ஒரு சின்னத் திரள். தாடி இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். உறைவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. பாடுதல் என்ற பொருளும் தெளிவு என்ற பொருளும் கொண்ட இரண்டு பிரெஞ்சுச் சொற்களைச் சேர்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். இடையில் இந்த இனம் அழிந்தே போய்விட்டது என்று நினைத்த காலமும் உண்டு. பிறகு சில பண்ணைகளில் அது உயிரோடு இருப்பது தெரிந்தது. 1999இல் கியூபெக் அரசு அதைத் தன் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சட்டத்தால் அறிவித்தது. ஒரு நாட்டின் குளிரை மதித்து, அதற்கேற்ற உயிரைப் பொறுமையாக உருவாக்கிய அந்த மனிதர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

எல்லோரிடமும் ஷான்தெக்லேர் இருக்காது. இருக்கிற கோழியைக் காக்க வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன். கூரைக்குக் கீழே அடைத்த துவாரங்களைத் திறந்தேன். அவை கோழி உட்காரும் கட்டைக்கு மேலே, கோழியின் தலைக்கு மேலே நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். ஈரக் காற்று மேலெழும்பி வெளியே போகும், கோழிமேல் காற்று வீசாது. கீழே உள்ள இடுக்குகளை மட்டும் அடைத்தால் போதும். கூடு வெளியைப் போலவே குளிர்ந்திருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். கோழிக்கு அதன் சிறகே போர்வை. உலர்ந்திருந்தால் அது தாங்கும்.

தரையில் மரச்சீவலை ஆழ்கூளமாகப் பரப்பி, கட்டைக்கு அடியில் விழும் எச்சத்தை அன்றாடம் அள்ளிவிடுகிறேன். இரவில் தண்ணீர்ச் சட்டியை வெளியே எடுத்துவிடுகிறேன். பகலில், அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் வைத்த வாளியில்தான் தண்ணீர். திறந்த சட்டியில் குடிக்கும் சேவலின் தாடி ஒவ்வொரு முறையும் நனைகிறது, வெளியே வந்ததும் அது உறைகிறது. உட்காரும் கட்டையின் அகலமான பக்கம் மேலே வரும்படி வைத்தால், கோழி நெஞ்சுச் சிறகால் விரல்களையும் மூடிக்கொள்ளும்.

கொண்டையில் வாசலின் களிம்பு பூசலாமா என்று பலர் கேட்கிறீர்கள். மிகக் கடுமையான இரவுகளில் சேவலின் கொண்டையில் மெல்லியதாகப் பூசுகிறேன். அது தோலில் நீர் படிவதைக் குறைக்கக்கூடும். ஆனால் ஈரக் கூட்டுக்குள் வாசலின் பூசிய கொண்டையும் கறுக்கும். அதை நம்பித் துவாரத்தை மூடிவிடாதீர்கள். சூட்டு விளக்கு மட்டும் வேண்டாம். உலர்ந்த மரச்சீவலுக்கு மேலே கொதிக்கும் விளக்கைத் தொங்கவிட்டு, கூடும் கோழிகளும் எரிந்து போன குடும்பங்கள் பல உண்டு. மின்சாரம் நின்றுவிட்டாலோ, சூட்டுக்குப் பழகிய கோழி ஒரே இரவில் வெறுங்குளிரில் நிற்கும்.

பனிக்கடி பட்டுவிட்டால் என்ன செய்வது? தேய்க்காதீர்கள். முடி உலர்த்தும் கருவியைக் காட்டாதீர்கள். கோழியைக் கடுங்குளிர் இல்லாத உலர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், மெதுவாகச் சூடேற விடுங்கள். ஒருமுறை இளகிய சதை மறுபடி உறைந்தால் சேதம் இன்னும் அதிகமாகும். அதனால் அன்றே திருப்பி வெளியே விட வேண்டாம். கறுத்த நுனியை வெட்டாதீர்கள். அடியில் ஆறிவரும் சதைக்கு அதுதான் மூடி. தானாக உதிரச் சில வாரங்கள் ஆகும். நாற்றமோ நீர்க்கசிவோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பனிக்கடி கோழிக்கு மிகுந்த வலி தரும். எங்கள் சேவல் ஒரு கிழமை தீனியைச் சரியாகத் தொடவில்லை. அந்த வசந்தத்தில் எங்கள் முட்டைகளில் பாதிக்குமேல் பொரிக்கவும் இல்லை. கொண்டையில் பனிக்கடி பட்ட சேவலின் விந்து சில காலம் பலம் குன்றியிருக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

நேயர்களே, கோழி வளர்ப்பவர்கள் நாளை விடியக் கூட்டைத் திறந்தவுடன் முதலில் ஜன்னலைப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளியோ பனியோ இருந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் கூரைக்குக் கீழே ஒரு துவாரத்தைத் திறந்துவிடுங்கள்.