குடியும் மனநோயும்: ஒருங்கே வைத்தியம்



சென்ற ஆண்டு ஒரு கிராமத்தில், காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்லி ஓயாது குடித்து வந்த ஓர் இளைஞரை, முதலில் குடி நிற்கட்டும் என்று வீட்டில் அடைத்தனர். நாமும் ஆமோதித்தோம்; பிழை செய்தோம். இரண்டாம் நாளே வலிப்புக் கண்டது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது.

குடியும் மனநோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. களையை மட்டும் பறித்துப் பயிருக்கு நீர் பாய்ச்சாவிடில் விளைச்சல் ஏது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள்களால் விளையும் மனக்கோளாறுகளையும் மனநோயென்றே கொள்கிறது; சங்கிலியிடுவதைத் தடுக்கிறது.

14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனை பெறலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இரு துன்பங்களையும் மறையாது கூறுங்கள். அவ்விளைஞர் இன்று மருந்துண்டு வயலில் உழைக்கிறார். அத்தகையோருக்குத் துணையாக ஒருவரை அனுப்புவது பஞ்சாயத்தின் கடமையாகும்.