மேலே யார் உட்காருகிறார்கள்?

(சிவகங்கையில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்னை உயர் நீதிமன்றத்துக்குள் போனால் முத்துசாமி அய்யர் சிலையைக் காட்டுவார்கள். அங்கே நீதிபதியான முதல் இந்தியர். தெருவிளக்கில் படித்தவர் என்று கதை சொல்வார்கள். படித்திருக்கட்டும். சேரிக்குத் தெருவிளக்கே வராத நாட்டில், ஒரு தலித் அந்த நாற்காலிக்கு வர எத்தனை காலம் ஆச்சு? நீதிமன்றம் தொடங்கியது 1862ல். ஏ.வரதராசன் வந்தது 1973ல். 111 வருஷம்.

1920ல் ஜோலார்பேட்டையில் பிறந்தவர். வக்கீல், மாவட்ட முன்சீப் என்று படிப்படியாக ஏறியவர். 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனார், அங்கே முதல் தலித் நீதிபதி. அரசியல் சட்டம் வந்து முப்பது வருஷம் கழித்து! அமெரிக்காவின் முதல் கறுப்பின உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷல், 1954ல் பள்ளிக்கூட நிறப் பிரிவினை வழக்கை வாதாடி வென்றவர், 1967ல் நீதிபதியானார். நம்மவர் உத்தியோகப் படிக்கட்டில் வந்தவர். அதனால்தானோ என்னவோ நம் மேடைகளில் அவர் பேர் அதிகம் வராது. எனக்கு அது சரியாப் படலை.

1984ல் சரத் சர்தா வழக்கைத் தீர்த்த மூவர் அமர்வில் அவரும் ஒருவர். சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிப்பதென்றால் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது. சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் சாட்சியமாகாது. குற்ற வழக்குகளில் வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

ஒருத்தர் போய் உட்கார்ந்தால் எல்லாம் மாறிடுமா? மாறாது. 1968ல் வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்தது. எழுபதுகளில் அப்பீலில் பண்ணையார்களை விடுவித்தது இதே உயர் நீதிமன்றம்தான். அந்த அமர்வில் வரதராசன் இல்லை. கார் வைத்திருக்கிற மிராசுதார் தானே வந்து தீ வைப்பாரா என்று அந்த நீதிபதிகளுக்குச் சந்தேகம். கார் இல்லாதவன் என்றால் வராது போல!

நான் வேலை பார்க்கும் வங்கியில் கிளார்க் வேலைக்கு ரோஸ்டர் உண்டு. உயர், உச்ச நீதிமன்ற நாற்காலிகளுக்குக் கிடையாது. 1993 தீர்ப்புக்குப் பிறகு நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2010ல் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். 2019ல் கவாய் வரும்வரை ஒன்பது வருஷம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை.

நம்ம மாவட்டத்துக்கே வாங்க. 2018 மே மாதம் கச்சநத்தத்தில் மூன்று பேரைச் சாதிவெறியர்கள் வெட்டிக் கொன்றார்கள். 2022ல் இதே சிவகங்கை கோர்ட்டு 27 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சந்தோஷம்தான். ஆனா வெண்மணியிலும் கீழே ஜெயித்தோம், போனது மேலேதான்.

சட்டம் படிக்கிற தம்பி, தங்கச்சிகளே, வரதராசன் எழுதிய தீர்ப்புகளைத் தேடி எடுத்துத் தமிழில் கொடுங்க. அச்சுச் செலவுக்கு என்னால் ஆனதைத் தர்றேன்.